தட்டில் உறைந்த பட்டாணி

1

இது நான் யோசித்த கதை இல்லை, ஒட்டுக்கேட்ட கதை. பக்கத்து வீட்டு ஹால்பெரா வாசலில் நின்று புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கியபோது, குப்பை கொட்டப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஐஸ்லாந்தின் கடலோரத்தில் பனி மெல்ல..." வேண்டாம். பனியில் தொடங்கினால் எங்கள் ஊரில் எந்தக் கதையும் மே மாதம்வரை நகராது.

2

கோடையின் முதல் நாள் ஏப்ரலில் வரும். (சிரிக்காதீர்கள். அன்றைக்கு விடுமுறை, ஊர்வலம் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குக் குளிரில் மூக்கு ஒழுகும்.) முந்தின சாயங்காலம் வாசலில் ஒரு தட்டில் தண்ணீர் வைப்போம். விடிந்ததும் உறைந்திருந்தால் நல்ல கோடை.

இந்த வருஷம் ஹால்பெரா அந்தத் தட்டின்மேல் வீட்டையே பந்தயம் கட்டினாள். உறைந்தால் இன்னும் ஒரு வருஷம் இங்கே. உறையாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயின் வெயிலுக்குப் போய்விடுவது. மீன்படகு ஓட்டும் அவள் புருஷன் கெட்டில் "சரி" என்றான். அவன் முகம் வாடியது என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தத் தாடிக்குள் என்ன தெரியும்?

3

காலையில் தூறல். கூரை சொட்டுகிறது. தட்டில் மட்டும் பாறை மாதிரி ஐஸ். அதற்குள் ஒரு பச்சைப் பட்டாணி.

"யோவ், இங்க வா. ராத்திரி பட்டாணி மழையா பெஞ்சுது?"

"காத்துல வந்திருக்கும்."

"எந்தக் காத்து? நம்ம ஃப்ரீசர் காத்தா?"

(முப்பது வருஷம் பொய்யே சொல்லாதவன் இவ்வளவு மட்டமாகவா ஏமாற்றுவான் என்று எனக்கும் சந்தேகம்தான். பழக்கமில்லாதவன் அப்படித்தான் மாட்டுவான்.)

கெட்டில் பூட்ஸைப் பார்த்தான். "அங்க தினம் வெயிலடிக்கும் ஹால்பெரா. காலைல எந்திரிச்சு நான் எதைத் திட்டுறது?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

4

முடிவு ஒன்று: விற்கிறார்கள். கெட்டில் ஸ்பெயினில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு...

முடிவு இரண்டு: அவள் மன்னித்து, அவன் கையைப் பிடித்து... சீ, திகட்டுகிறது.

பேசாமல் ஊர்வலத்தில் அவளையே பிடித்துக் கேட்டேன்.

"தட்டு உறைஞ்சுதா?"

"வந்து பாரு. வாசல்லதான் இருக்கு. சுத்தமான ஐஸு."

வீடு நிற்குமா, விலை போகுமா என்பதை இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டது இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அந்தப் பட்டாணி?"

ஹால்பெரா அக்கம்பக்கம் பார்த்தாள்.

"தின்னுட்டேன்."