கண்ணாடித் தகட்டில் ஒரு பொட்டு

ஆயுதபூஜைக்கு முந்தின நாள். ராசிபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த பேராசிரியரின் மனைவி பழனியம்மாள், ஆய்வு மாணவி கலைமணியின் கண்ணாடித் தகட்டின் நடுவிலும் கட்டைவிரலை அழுத்திச் சந்தனம் வைத்துவிட்டார். கலைமணி பொரிகடலை வாங்கப் போயிருந்த நேரம். பக்கத்தில் நின்ற பேராசிரியர் முருகானந்தம் தடுக்கவில்லை. வீட்டுக்காரி பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாத மனிதர்.

நான்கு வருட உழைப்பு அந்தத் தகடு. அதில் சாயம் துளியும் கிடையாது. கண்ணுக்கே தெரியாத மணிகளை அடுக்கடுக்காகப் படியவைத்திருந்தாள். அவற்றின் இடைவெளியில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் நிறம். மின்சாரம் கொடுத்தால் இடைவெளி விரிந்து பச்சை சிவப்பாகும். திரும்பி வந்தவள் சந்தனத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மணிகள்தான் பெயர்ந்தன.

பகலில் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கரீம் பாஷா வந்தார். கடைப் பெயர்ப்பலகை செய்கிறவர். வெயிலிலும் பளிச்சென்று நிறம் மாறும் பலகை போட அவருக்கு ஆசை. தகடு சரியாக இருந்தால் செய்தவளுக்கே வேலை என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

சுவிட்சைப் போட்டதும் சுற்றிலும் சிவந்தது. நடுவில் மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடந்தது. அது என்ன என்று கேட்டார்.

முருகானந்தம் தொண்டையைச் செருமினார். “புள்ளைக கை பட்டுருச்சுங்க. சொன்னா எங்கீங்க கேக்குதுக.”

“உன் கையாம்மா?” என்று பாஷா அவளிடமே கேட்டார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்த குரல்.

அவளுடைய ஆய்வேடு இரண்டு மாதமாகப் பேராசிரியரின் மேசை இழுப்பறையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. அது இல்லாமல் பட்டம் இல்லை.

“ஆமாங்க சார். என் கைதான்.”

கவனமில்லாத கையை நம்பி எப்படித் தொழில் செய்வது என்று வருத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார் பாஷா.

கார் போனதும் பேராசிரியரின் அறைக்குப் போய்க் கையெழுத்தைக் கேட்டாள்.

“தகடே போச்சே சாமி. பரீட்சை பண்ண வாரவங்களுக்கு நான் எதைக் காட்டறது? உன் கைதான்னு நீயே ஒத்துக்கிட்ட. இன்னொன்னு பண்ணு, ஆறு மாசந்தானே.”

“போட மாட்டீங்கன்னு அப்பவே சொல்லியிருந்தா, உள்ளதச் சொல்லியிருப்பேன் சார்.”

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

சாத்தினாள்.