நிறைந்தது கவிழ்ந்து கிடக்கும்

கோமதி கடைசி இலையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை.

முந்தின நாள் அவள் தங்கை பிருந்தாவுக்குக் கல்யாணம். அன்று குறுக்குத்துறைப் பக்கம் அதே மண்டபத்தில் மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் ஊர்ச் சைவ வீடுகளில் கல்யாணத்தன்று சாம்பார், மறுநாள் சொதி. தேங்காய்ப்பாலில் வெந்த காய்கறி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தாலி கட்டுக்கு வராதவர்கள்கூட சொதிக்கு வந்துவிடுவார்கள். நான் இரண்டு நாளும் படம் எடுக்க வந்தவள். பாளையங்கோட்டையில் மெர்வினும் நானும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். நான் படம், அவன் வீடியோ.

கோமதியை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம், பிருந்தாவின் சிறுவயதுப் படங்களை வரவேற்பில் திரையில் ஓடவிடுவதற்காக அவர்கள் வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் செய்யப் போயிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. பிருந்தாவின் தோளில் ஒரு கை கிடக்கும், கைக்கு மேலே பிளேடால் வெட்டி எடுத்த சதுரம். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஒரு சதுரம். பாபநாசம் அருவிக்கரையில், நனைந்த பாவாடைக்கு மேலே ஒரு சதுரம்.

"மூத்தவ," என்றார் வடிவம்மாள். பெண்ணைப் பெற்றவர். "மேலப்பாளையத்து ஆரிப்பக் கட்டிக்கிட்டா. ஆறு வருசமாச்சு. எங்க வீட்டுக்காரவுக ஒரு நா பூரா உக்காந்து ஒண்ணொண்ணா வெட்டுனாக. போன்ல இருந்ததையும் அழிச்சாச்சு. எங்கிட்ட அவ படம்னு ஒண்ணு கிடையாது."

சொல்லிவிட்டு மெல்லப் பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

இப்போது வடிவம்மாள் பந்தியில் இலை இலையாக உபசரித்துக்கொண்டு வந்தார். "சாப்பிட்டியளா? இன்னுங் கொஞ்சம் சொதி விடச் சொல்லவா?" நூறு இலைக்கு அதையே கேட்டால் முகத்தைப் பார்ப்பது நின்றுவிடும். கடைசி இலையிடமும் அதையே கேட்டார்.

"விடச் சொல்லும்மா," என்றாள் கோமதி. "சொதி சாப்பிடத்தானே வந்தேன்."

வடிவம்மாள் அப்படியே நின்றார். பிறகு பரிமாறுகிறவர் கையிலிருந்த வாளியை வாங்கி, தானே ஊற்றினார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று. சொதி இலையைத் தாண்டி மேசையில் ஓடியது.

"போதும்மா! ஆறு வருசச் சொதியையும் இன்னைக்கே விடுதியா?"

"தின்னுட்டி, பேசாம."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மகளின் மணிக்கட்டில் வழிந்ததை முந்தானையால் துடைத்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள். நான் பதினொரு படம் எடுத்தேன். பதினொன்றாவதோடு கார்டு நிறைந்தது. எங்கள் பழைய கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மெர்வின் வீடியோ எடுக்கவில்லை. அவனும் பந்தியில்தான் இருந்தான், மூன்றாவது முறை சொதி வாங்கிக்கொண்டு.

கை கழுவி வந்த கோமதி என் பக்கத்தில் நின்றாள்.

"படம் எனக்கு வேண்டாங்க. எங்கிட்ட அம்மா படம் நிறைய இருக்கு. அவகிட்டதான் ஒண்ணும் இல்ல. அவ கையில சேத்திருவியளா?"

"சேத்திருதேன்."

"அப்பா வாசல்ல நின்னு பாத்துட்டாக. சம்பந்தி வீட்டுக்காரங்க இருக்காகன்னு இப்பம் பேசாம நிக்காக. அவுக போனதும் உங்ககிட்ட வருவாக."

"வரட்டும். கார்டு எங்கிட்டல்லா இருக்கு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வெளியே போனாள். வேப்பமரத்தடியில் பைக்கோடு நின்றவர் ஆரிப்பாக இருக்க வேண்டும்.

கார்டு விஷயத்தில் நான் கொஞ்சம் வெறி பிடித்தவள். தங்கநிறப் பட்டைகளில் விரல் படவிட மாட்டேன். வியர்க்கும் ஊரில் சட்டைப் பையில் போட விட மாட்டேன். செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துக் கார்டுப் பெட்டிக்குள் போடுவேன். ஒவ்வொரு கார்டின் மேலும் சிவப்பு நகச்சாயத்தில் எண் இருக்கும். இரண்டு இடத்தில் காப்பி ஆகாமல் எதையும் அழிப்பதில்லை. ஒருமுறை அழித்திருக்கிறேன். ஒரு சபை ஊழியக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்தக் குழந்தையின் தாத்தா அடுத்த வாரம் இறந்தார், அவரை எடுத்த வேறு படம் இல்லை என்றார்கள். அன்றைக்கு மூன்று மணி நேரம் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போகத் துணியாமல் நின்றேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலிக் கார்டு எண் தெரிய நிமிர்ந்து கிடக்கும். நிறைந்ததைக் கவிழ்த்து வைப்பேன். நிறைந்த கார்டு எனக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்ட ஆள் மாதிரி. அதை எழுப்பக் கூடாது.

மெர்வினுக்கு இது பிடிபடவே இல்லை. "எங்கம்மா காலிச் செம்பத்தான் கவுத்துவா. நீ நிறைஞ்சதக் கவுத்துத. உங்கூட வேலை பாத்து, ஒரு நா வீட்டுல தண்ணிக் குடத்தக் கவுத்தப் போறேன்."

சம்பந்தி வீட்டு வேன் மூன்று மணிக்குப் புறப்பட்டது. மணமகன் அறையில் லேப்டாப்பைத் திறந்து, கார்டுப் பெட்டியை மேசையில் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆறு வெயிலில் அசையாமல் கிடந்தது. கதவைத் தட்டாமல் குற்றாலலிங்கம் உள்ளே வந்தார். பிருந்தாவின் அப்பா, தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். எதிரே இருப்பவர் எழுந்து நிற்பார் என்று எதிர்பார்க்கும் நடை. மெர்வின் எழுந்துவிட்டான்.

"கேமராவக் கொண்டா."

கொடுத்தேன். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். வேனில் ஏறும் சம்பந்திகள், வேன், மறுபடி வேன்.

"இதுல இல்ல."

"கார்டு மாத்தியாச்சு சார்."

"மாத்துனது எங்க?"

என் கண் பெட்டிக்குப் போய்விட்டது. அவர் அதை எடுத்துக்கொண்டார்.

"சார், அதுல பூராவும் உங்க வீட்டு விசேஷந்தான்..." என்று மெர்வின் ஆரம்பித்தான்.

"நீரு சும்மா இரும் வே."

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆறு கார்டுகள். இரண்டு கவிழ்ந்தும் நான்கு நிமிர்ந்தும் கிடந்தன. அடுக்களை அலமாரியைப் பார்ப்பதுபோல ஒரே பார்வை.

"ரெண்டு காலி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்து கிடந்த நான்கையும் எடுத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் கார்டை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் வளைத்தார். அப்பளம்போல உடைந்தது. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் அடம்பிடித்தது, மேசை விளிம்பில் வைத்து அமுக்கினார். நான்காவது. துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். கோபத்தில் செய்யவில்லை. வேலையாகச் செய்தார்.

"இன்னைக்குப் படம் பூராப் போனாலும் பாதகமில்ல. நேத்துள்ளது இருக்குல்லா, அது போதும். ஆல்பத்த நல்லா போடு, என்ன? நீ நல்ல பிள்ள."

நின்றபடியே மேசைக்கு அடியில் மெர்வின் என் காலை மிதித்தான். பேசாதே என்று அர்த்தம். எனக்கும் புரிந்தது. பேசாமல் இருந்தால் ஜெயித்தாயிற்று. அடுத்த வாரம் ஒரு கவரில் போட்டு வடிவம்மாளிடம் நீட்டலாம். அவர் அதைச் சேலை மடிப்புக்குள் வைத்து, வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் படிக்கும் கதைகளில், பனி பெய்யும் ஏதோ ஊரில், யாராவது ஒருவர் கடிதக் கட்டை அடுப்பில் போட்டுக்கொண்டே இருக்கிறார். படிக்கும்போதெல்லாம் அடுப்புக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும்போல இருக்கும். இங்கே எடுத்தாயிற்று. கையும் சுடவில்லை. அதுதான் ஏதோ சரியில்லாமல் இருந்தது.

அப்போது வடிவம்மாள் எங்கள் இருவருக்கும் இரண்டு டம்ளரில் பாயசம் கொண்டுவந்தார். மேசையில் இருந்த துண்டுகளைப் பார்த்தார். கணவரின் கட்டைவிரல்களைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பாயசத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் கீழே வைத்தார். அழுதிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிந்தாத பாயசத்தைத்தான் தாங்க முடியவில்லை. அவர் கதவுக்குத் திரும்பினார்.

"அம்மா, அது காலி."

மெர்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார் உடைச்சது நாலும் காலிக் கார்டு. நிறைஞ்சத நான் கவுத்தித்தான் வைப்பேன்." பெட்டியைச் சாரின் கைக்கு எட்டாமல் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "உங்க படம் பதினொண்ணும் இதுல இருக்கு."

குற்றாலலிங்கம் கையை நீட்டினார். "எடு."

"தரமாட்டேன் சார்."

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும். ரெண்டு காப்பி ஆகாம எந்தக் கார்டையும் நான் அழிக்கது கிடையாது. யாரு சொன்னாலும்."

"டவுனுல ஒரு வீட்டுல உன்னக் கூப்பிட மாட்டாக. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லுங்க சார். படத்த அழிக்க மாட்டேன்னுட்டா, அதான் கூப்பிடலன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க. அதுக்காவே நாலு பேரு கூப்பிடுவாக."

பெட்டி மடியில் கடகடத்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"நீ எடுக்க வந்தது எம் மக கல்யாணத்த!"

"நான் சொதி விட்டதும் எம் மகளுக்குத்தான்," என்றார் வடிவம்மாள்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பியதை அப்போதுதான் முதன்முறை பார்த்தேன். இந்த இரண்டு நாளில் ஒரு தடவையும் அவர் திரும்பியதில்லை, எல்லாம் பக்கவாட்டு உத்தரவுகள்.

"வடிவு. வெளிய போ."

வடிவம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, அவருக்கும் மேசைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். "ஏ பிள்ள, காப்பி எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிசம்மா."

"எடு. நான் இங்கனதான் இருக்கேன்."

கவிழ்ந்து கிடந்த இரண்டில் மூன்றாம் எண்ணை எடுத்துப் போட்டேன். திரையில் பச்சைக்கோடு நகர ஆரம்பித்தது. குற்றாலலிங்கம் நாற்காலியைச் சுற்றிப் போகவில்லை. சுவர்ப் பக்கம் போய் லேப்டாப் சொருகியிருந்த சுவிட்சை அணைத்தார்.

பச்சைக்கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

"பேட்டரி இருக்கு சார்," என்றான் மெர்வின். குற்றாலலிங்கம் உள்ளே வந்ததிலிருந்து அவன் வாயில் முழுதாக வந்த முதல் வாக்கியம். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். பாயசத்தை எடுத்துக் குடித்தான்.

இருபது நிமிடமும் அவர் வாசலிலேயே நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை. காப்பி லேப்டாப்பில் ஒன்று, கைக்கு அடக்கமான ஹார்ட் டிஸ்கில் ஒன்று. படங்களைத் திறந்து பதினொன்றும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். முந்தானை, மணிக்கட்டு, சிரிப்பு. வடிவம்மாள் திரைக்குக் கிட்டே குனிந்து, மகளின் முகத்தைச் சுற்றி விரலால் மெல்ல ஒரு சதுரம் வரைந்தார்.

"இது பெருசா வேணும். ஆல்பத்துல முதப் பக்கம். இன்னொண்ணு கண்ணாடி போட்டு, கூடத்துல மாட்டதுக்கு."

"கூடத்துல நானும் உக்காருவேன்," என்றார் குற்றாலலிங்கம் வாசலிலிருந்து.

"உக்காருங்க. நல்லாத் தெரியும்."

நான் கார்டை வெளியே எடுத்தேன். கோமதி கேட்டது ஞாபகம் வந்தது. அவ கையில சேத்திருவியளா. பிரிண்ட் வர ஒரு வாரம் ஆகும். கார்டின் ஓரத்தில் இருந்த குட்டி நாக்கைக் கீழே தள்ளினேன்.

"இதத் தள்ளிட்டா கேமராவுலயோ கம்ப்யூட்டர்லயோ போட்டுத் தெரியாமக்கூட அழிச்சிர முடியாதும்மா. இந்தக் கார்டே உங்களுக்குத்தான்."

வடிவம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்தார்.

"ஐயோ, அதுல வேண்டாம். பொடி ஏறிச்சுன்னா படிக்காது."

"பின்ன எதுல வைக்க? இத விடப் பத்திரமா எங்கிட்ட ஒண்ணும் இல்லியே."

என்னிடம் ஒற்றைக் கார்டு வைக்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை மடித்து ஓரத்தில் வைத்து நீட்டினேன். அவர் கார்டைப் பட்டையில் விரல் படாமல், நான் பிடித்ததைப் பார்த்து அதேமாதிரி ஓரத்தில் பிடித்துக்கொண்டார்.

"எப்படி வைக்கணும்? கவுத்தியா, நிமித்தியா?"

"நிறைஞ்சதுல்லா, கவுத்திதான் வைக்கணும்மா."

வடிவம்மாள் வாசலில் நின்றவரைப் பார்த்தார். சிவப்பு மூன்று மேலே தெரிய, கார்டை டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"இது நிமிந்தே இருக்கட்டும்."