கிட்டங்கியில் ஒரு தலைச்சுமை

மளிகைக்கடை சிவனாண்டி அண்ணாச்சியின் மனைவி பிரேமா போன ஆடியில் சரக்கு மூட்டை அடுக்கும் கடைக் கிட்டங்கியில் வழுக்கி விழுந்தது தெருவுக்கே தெரிந்த கதை. எழ முடியாமல் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே மத்தியானம் முழுக்கக் கிடந்தவளை லோடுமேன்கள் வந்துதான் தூக்கினார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. தெருவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்றிலிருந்து அவளுக்குத் தரையைக் கண்டாலே பயம். கோயிலில்கூட உட்காரமாட்டாள். மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவை விழுந்தால் யாரும் வராமல் போய்விட்டால்?

பெண்கள் ஜிம் நடத்தும் ஸ்டெபி ஒரு வழி சொன்னாள். மல்லாக்கப் படுத்து, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடியே எழுந்து நிற்க வேண்டும். பிறகு வந்த வழியே படுக்க வேண்டும். முதலில் முஷ்டிமேல் செருப்பை வைத்துப் பழகச் சொன்னாள். கடைக்காரி தலைக்கு மேல் செருப்பா? பிரேமா உப்புப் பாக்கெட்டை வைத்துக்கொண்டாள். அது விழாமல் எழப் பழகிய பிறகே குண்டு வாங்கினாள். கதவுக்கு முட்டு என்றாள் புருஷனிடம். நம்பினார். மனுஷன் எதைத்தான் நம்பவில்லை?

ஜிம்மில் ஸ்டெபி பக்கத்தில் நின்றால் எழுந்துவிடுவாள். ஆனால் பயம் குடியிருந்தது கிட்டங்கியில். அதனால் கடை சாத்திய ஒரு மத்தியானம், விழுந்த அதே இடத்தில் போய்ப் படுத்தாள்.

வலது கையில் குண்டு மேலே போனது. மணிக்கட்டு மடங்கவில்லை. கண் குண்டைவிட்டு நகரவில்லை. இடது முழங்கையை ஊன்றி, உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கினாள். காலைப் பின்னுக்கு இழுக்கும்போது தெருப்பக்கக் கதவு திறந்தது.

"ஏளா, என்னத்தளா தூக்குத?"

அண்ணாச்சியின் குரல். தலைச்சுமையோடு யாரைக் கண்டாலும் ஓடிப்போய்க் கை கொடுத்து இறக்குவது கடைக்காரர்கள் குணம், பகையாளிக்கும் செய்வார்கள். இப்போது கை கொடுத்தால் குண்டு அவள் முகத்தில்தான் இறங்கும். திரும்பிப் பார்க்கவும் முடியாது. செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

"விடுளா, நான் பிடிக்கேன்."

"தொடாதிய. தொட்டா என் மண்டையில விழும்."

சத்தம் நின்றது. குண்டுக்குப் பக்கத்தில் அவருடைய விரல்கள் தெரிந்தன. பயம் வந்தா அங்கனயே நில்லுங்கக்கா, மூச்சு விடுங்க என்பாள் ஸ்டெபி. பிரேமா மூச்சு விட்டாள்.

"ஏளா, லோடுமேன கூப்பிடட்டா?"

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். பிரேமாவுக்கு அந்த மத்தியானமும், அத்தனை கைகளும், வாசலில் கூடிய தெருவும் கண்ணுக்குள் வந்தன. காலைப் பின்னுக்கு இழுத்து முழங்காலை ஊன்றினாள். இனிப் பார்வையை நேரே இறக்கலாம். இறக்கினாள். எதிரே அண்ணாச்சி, அவளைவிட அதிகமாகப் பயந்த முகத்தோடு.

எழுந்து நின்றாள்.

"சரி, எறக்கு."

"எறக்கணும்னா படுக்கணும்."

வந்த வழியே, முழங்கால், உள்ளங்கை, முழங்கை என்று மறுபடி அந்தத் தரைக்கே போனாள். குண்டை நெஞ்சோரமாக இறக்கித் தரையில் வைத்தாள். அண்ணாச்சி கையை நீட்டினார். "வா, தூக்கிவிடுதேன்."

அவள் குண்டை மறுபக்கம் உருட்டினாள்.

"இன்னும் எடது கை இருக்கு. நீங்க போய் கதவச் சாத்துங்க, தெரு பாக்குது."