வாயாடி வாய் திறந்த மதியம்

பேச ஆரம்பித்தால் மூச்சு விட மறந்துபோகிற பெண் அவள். பதினைந்து வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக 'ம்', 'இல்ல', 'தெரியல' என்பதை மட்டும் வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைக் கொறித்தாள். நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் பார்த்து வயிற்றுவலி வந்துவிடும். விடுமுறை நாளில் அந்த வலி எட்டிக்கூடப் பார்க்காது.

அவளுடைய அம்மா மருத்துவமனையில் நர்ஸ். "நான் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. நீங்க பேசிப் பாருங்க" என்று பொறுப்பை அப்பாவின் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு மெத்தைக் கடையில் விற்பனை வேலை. யார் முதுகுக்கு எந்த மெத்தை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பெற்ற மகளிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அன்று பள்ளி விடுமுறை. அவளையும் கடைக்கு அழைத்துப் போனார். போகிற வழியெல்லாம் பேருந்தில் கைபேசியை மூக்கோடு ஒட்டிவைத்து, பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று படித்துக்கொண்டே வந்தார்.

மதியம் கடை காலியாக இருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"மூச்ச நல்லா உள்ள இழு. அப்படியே பிடிச்சு வை. அப்புறம் மெதுவா விடு."

"எதுக்குப்பா?"

"மனசு லேசாகுமாம்."

"யாரு சொன்னா?"

"போன்ல போட்டிருக்காங்க. இரு, நான் செஞ்சு காட்டறேன்."

மாடிப்படி ஏறினாலே இளைக்கிற மனிதர். நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார், பிடித்தார், விடுகிற விஷயத்தை மறந்துவிட்டார். முகம் சிவந்தது. கண் சொருகியது. கடை ஒரு சுற்றுச் சுற்றியது. பிடிமானத்துக்குச் சுவரோரம் நிறுத்தியிருந்த மெத்தையைப் பிடித்தார். அது அவரை நம்பி வந்தது. அதன் பின்னால் இருந்ததும் வந்தது. அந்த வரிசையே பொத் பொத்தென்று சரிந்து, கடைசியில் அப்பாவின் பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

சரியாக அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாளும் அவருடைய கணவரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"கடையில யாரும் இல்லையா?" என்றார் அம்மாள்.

"வாங்கம்மா, வாங்க!" என்றது மெத்தைக் குவியல். "என்ன சைஸ்ல பாக்கறீங்க?"

வாயாடிக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பியது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்த அம்மாளுக்கும் அது தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்தபடியே மெத்தைகளை இழுத்துப் போட்டார்கள். அம்மாளின் கணவர் உதவிக்குக் குனிந்தவர், விழுந்து கிடந்த மெத்தை ஒன்றில் கை வைத்துப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார், பிறகு படுத்தேவிட்டார்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றார் கண்ணை மூடியபடி. "ஒரு ஆளையே அமுக்கிருக்கு, ஆனா அவருக்கு ஒரு கீறல்கூட இல்லையே."

அவர்கள் மெத்தையோடு கிளம்பிய பிறகும் வாயாடியால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. திடீரென்று பார்த்தால் அது அழுகையாகியிருந்தது. தோள் குலுங்க அழுதாள். அப்பா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"சொன்னா அட்வைஸ் பண்ணுவீங்க" என்றாள்.

"இப்பதான் மெத்தைக்கு அடியில இருந்து வந்திருக்கேன். நான் என்னத்த அட்வைஸ் பண்றது?"

மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னபோது பாதியில் எல்லாம் மறந்துபோனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது.

"எனக்கு ஏதோ பெரிய வியாதின்னு நெனச்சேன்பா. அம்மாகிட்ட சொன்னா ஊசி போட்டுடுவாங்க."

'இதுக்குப் போயா?' என்பது அப்பாவின் நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கினார். "இத்தனை நாள் தனியாவா வச்சுக்கிட்டிருந்த?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இரண்டு மெத்தையில் இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக் கூரை விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்கள். அவள் பேசினாள், அவர் 'ம்' கொட்டினார்.

சாயங்காலம் அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா ஊசி எதுவும் எடுக்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுநாள் தன் மருத்துவமனையிலேயே பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப் போனாள். பயந்தால் உடம்பு அப்படித்தான் ஆட்டம் காட்டும், பைத்தியமும் இல்லை, இதய நோயும் இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, வாயாடி அவரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டாள்.

படபடப்பு ஒரே நாளில் ஓடிப்போகவில்லை. சில காலைகளில் வந்தது. வந்தால் அம்மாவிடமோ தோழியிடமோ சொன்னாள். பிறகு ஒருநாள் ஆசிரியையிடம் தானே கேட்டு, வகுப்பு முன்னால் மறுபடி பேசினாள். இந்தத் தடவையும் நடுவில் மறந்துபோனது. "ஒரு நிமிஷம், ஓடிப்போச்சு, பிடிச்சுட்டு வரேன்" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், விட்ட இடத்தைப் பிடித்து முடித்தாள்.

செய்தி அப்பாவுக்குத் தொலைபேசியில் வந்தது. ஒரே மூச்சில் அவள் கொட்டியதில் பாதி அவருக்குப் புரியவில்லை. பேசி முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கடையிலேயே விலை கூடிய மெத்தையில் ஏறி, தொப்பை குலுங்கக் குதித்தார். கண்ணாடிக்கு வெளியே தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கையாட்டிவிட்டு இன்னும் உயரமாகக் குதித்தார்.