மூன்றாம் பலகை, இடப்பக்கம்

நான்காவது மாமரமும் வந்து இறங்கியபோது பிரதீஷ் கோடாலியைக் கீழே போட்டுவிட்டான்.

ஒரு ஆளை எரிக்க ஒரு மரம் போதும். அவன் தம்பி ஸ்ரீஹரி கடைசியில் இருந்த இருப்புக்கு ஒரு கிளையே தாராளம். ஆனால் கோயிக்கடவுக் கரை என்கிற அந்த ஆற்றோர ஊரில் இதையெல்லாம் யார் கணக்குப் பார்த்தார்கள்? விடிந்ததும் விடியாததுமாகக் குஞ்ஞுகிருஷ்ணன் தன் தோட்டத்து மாமரத்தை வெட்டிச் சுமந்து வந்தார். அது தெரிந்ததும், அவரோடு வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த சதானந்தன் அதைவிடப் பருமனான ஒன்றை வெட்டி அனுப்பினார். மூன்றாவது, வருஷம் தவறாமல் காய்க்கிற மரம். நான்காவது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தோணியில் வந்தது. வீட்டுக்குத் தெற்கே அடுக்கிய விறகில் வீட்டுக் கூரை மறைந்துபோயிற்று. கரையில் எழுபது தாண்டிய கிழவர்கள் அத்தனை பேரையும் வரிசையாக அனுப்பிவிட்டு, மிச்ச நெருப்பில் ஊருக்கே பாயசம் காய்ச்சலாம்.

'நான் செத்தால் தென்னை மட்டை வரும்' என்று பிரதீஷ் நினைத்துக்கொண்டான். 'அதுவும் மழையில் நனைந்த மட்டை.'

தம்பி வாழையிலையில் பிணமாகக் கிடக்கும்போது நினைக்கிற நினைப்பா இது என்றால், அவனுக்கு இது புதிதல்ல. ஒன்றரை வருஷமாக மூன்று வேளையும் சோற்றோடு பிசைந்து தின்ற நினைப்பு.

பத்தொன்பது வயதுப் பையனுக்கு எலும்பில் புற்று, இனி மருந்து கிடையாது என்று தெரிந்த அன்றைக்கே கரை மொத்தமும் அவனைத் தத்து எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் கரிமீன் பொரித்தால் முதல் மீன் ஹரிக்கு வந்தது. பஸ் டிரைவர் நிறுத்தத்தை மறந்து இவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "மோனே, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் கியர் போட்டார். பார்பர் வந்து ஹரிக்கு மொட்டை அடித்து, அவன் கூச்சப்படக் கூடாதென்று தனக்கும் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் கரையில் பாதித் தலைகள் பளபளத்தன. அந்த வழியில் நாய்கள்கூட அடக்கமாகக் குரைத்தன.

பெயின்ட் அடிக்கிற பிரதீஷ் ஒருநாள் சொந்த வீட்டுச் சுவரிலேயே ஏணியோடு சாய்ந்து விழுந்தான். சத்தம் கேட்டு நாலு வீட்டார் ஓடி வந்தார்கள். அவனைத் தாண்டி உள்ளே போய், ஹரி பயந்துவிட்டானா என்று பார்த்தார்கள்.

இது ஹரிக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரே கட்டில், சாப்பிட ஒரே பெஞ்சு. "நகரு சேட்டா" என்று முழங்கையால் இடித்து இடித்தே வளர்ந்தவன் அவன். சண்டை முற்றும்போது அம்மா ரமணி சமையல்கட்டிலிருந்து ஒரே வாக்கியத்தை எறிவாள். தலையைக்கூட வெளியே நீட்ட மாட்டாள்.

ஒருநாள் யாரோ கொண்டுவந்த பலாப்பழ அப்பத்தைப் பிரதீஷ் முறைத்துக்கொண்டிருந்தபோது ஹரி கேட்டான்:

"வயித்தெரிச்சலா சேட்டா?"

"ஆமா."

ஹரி இருமல் வரும்வரை சிரித்தான். "என்னைப் பார்த்தா எல்லாரும் மூக்கை உறிஞ்சுறாங்க. நீ ஒருத்தன்தான் முறைக்கிற. நிறுத்திடாதே."

அப்பம் ஒன்றைக்கூடத் தரவில்லை.

பிரதீஷுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு இடம். கரையின் பள்ளியோடத்தில் மூன்றாம் பலகை, இடப்பக்கம். கோயிலுக்குப் போகிற அந்த நெடும்படகில் துடுப்புத் துழாவ மீசை முளைத்த நாளிலிருந்து காத்துக் கிடந்து, போன வருஷம்தான் கிடைத்தது. படகிலும் இருவர் இருவராகத்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் சதானந்தன். அவர் ஒன்றரை ஆள் அகலம். ஆனாலும் விளிம்பை ஒட்டிய அந்த ஒரு முழம் பிரதீஷுடையது.

கர்க்கடக மாதம் முடிகிற நேரத்தில் கரை கூடி முடிவெடுத்தது: ஹரியின் ஆயுளுக்காக ஒரு வள்ளச்சத்யா, படகுக்காரர்களுக்கு நேர்ந்து போடுகிற விருந்து. படகில் வருகிறவர்களைப் பகவானே வந்ததாக வரவேற்று இலை போட வேண்டும். அவர்கள் பாட்டாகப் பாடி எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. பந்தியை நடத்துவது வேண்டுதல்காரர் வீடு, அதாவது ரமணியும் பிரதீஷும். அரிசி, காய், வெல்லம் எல்லாம் கரை தந்தது. அறுபத்துச் சொச்சம் வகை கறி. எண்ணிப் பார்த்தவர்கள் பாதியில் தூங்கிவிட்டார்கள்.

ஹரியைப் படகுக்காரர்களோடு பந்தியில் உட்காரவைத்தார்கள். வாய் முழுக்கப் புண், ஒரு பருக்கை இறங்காது. பாட்டுக்காரர் வாசுக்குறுப்பு பாடித் தேன் கேட்டார், வந்தது. கரும்பு கேட்டார், அது கிடைக்காத மாதத்தில் எங்கிருந்தோ கணுக்கணுவாக வந்தது. பிறகு அவர் ஹரியிடம், "மோன் ஒண்ணு கேளு" என்றார்.

ஹரி கண்ணை மூடி, படகுப்பாட்டின் மெட்டில், காற்றுப்போன குரலில் பாடினான்: மூன்றாம் பலகை கொண்டு வா, இடப்பக்கம் சேட்டன் இருக்கும் இடம் கொண்டு வா.

பந்தி முழுக்கத் திரும்பிப் பிரதீஷைப் பார்த்தது. கையில் சாம்பார் வாளி. பாட்டில் கேட்டதை மறுக்க முடியாது. அவன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். அதில் ஒரு பல்லுக்கும் சம்மதமில்லை.

அதற்குள் இன்னொரு ரகளை. ஹரிக்குக் கால் எப்போதும் ஐஸாகக் கிடக்கும், சாக்ஸ் கழற்ற முடியாது. பள்ளியோடத்தில் செருப்புக் கால் படக் கூடாது. சாக்ஸ் செருப்பா, துணியா? கரை இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் கோயில் பெரிய பூசாரி மேல்சாந்தி வரை ஆள் போய்த் தீர்ப்பு வந்தது: தோல் இல்லாததால் துணி. சாக்ஸ் போட்ட காலோடு ஹரி மூன்றாம் பலகையில் ஏறினான். அம்மா மடித்துக் கொடுத்த முண்டு வேட்டியின் மேல் உட்கார்ந்தான். படகுக்காரர்களின் ஆர்ப்பு விளிக் கூச்சல் ஆற்றைப் பிளந்தது. பம்பை ஆற்றில் மீன்கள் எழுந்து நின்று பார்த்ததாகக் குஞ்ஞுகிருஷ்ணன் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

பிரதீஷ் கரையோரமாக நடந்தே வந்தான், கையில் தம்பியின் செருப்போடு. படகிலிருந்து ஹரி அவனைப் பார்த்து நாக்கைத் துருத்தினான்.

அந்த வாரத்துக்குள் போய்விட்டான்.

இப்போது சிதை நான்கு மரத்து நெருப்போடு நின்று எரிந்தது. வாசுக்குறுப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் வந்தார். உத்திரட்டாதிப் படகு விழா அன்று பள்ளியோடம் புறப்படும்போது மூன்றாம் பலகையின் இடப்பக்கத்தைக் காலியாக விடுவது என்று கரை தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். அது ஹரி மோனின் இடம். பந்தியில் பாடிக் கேட்டு வாங்கியது, கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற வழக்கம் கிடையாது. இந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும்.

கூட்டம் தேம்பியது. சதானந்தன் வாய்விட்டு அழுதார்.

பிரதீஷ் வாயைத் திறந்தான். புகை உள்ளே போனது. மூடிக்கொண்டான்.

செத்த பிறகும் முழங்கையால் இடிக்கிறானே என்று சாவுத் தீட்டான புலை பதினாறு நாளும் வெந்தான். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காலி இடத்தையே பேசினார்கள். அதில் பூ வைப்பதா, விளக்கு வைப்பதா என்று விவாதித்தார்கள். அதில் முன்பு யார் உட்கார்ந்திருந்தார் என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அம்மாவாவது சொல்வாள் என்று பார்த்தான். அவள் இரண்டு சாக்ஸையும் துவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சோறு. கரை முழுக்க வந்து இலையின் முன்னால் உட்கார்ந்தது. பரிமாற நின்ற பிரதீஷ் வாளியை இறக்கி வைத்தான். வரிசையின் கடைசியில் காலியாக இருந்த இலைக்கு முன் சம்மணமிட்டான். பாடத் தொடங்கினான்.

சாவுச் சோற்றில் பாட்டு. அதுவும் அந்தக் குரலில். தவளைகள் கேட்டால் ஊரைக் காலி செய்யும். மூன்றாம் பலகை கொண்டு வா, இடப்பக்கத்து இடம் கொண்டு வா. யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவன் இன்னும் உரக்கப் பாடினான். பப்படம் நொறுக்கிய கைகள் அப்படியே நின்றன.

"எடா, இது அந்தப் பந்தியா? வெட்கமாயில்லையா உனக்கு?" என்றார் வாசுக்குறுப்பு.

"இல்லை. அது என் இடம். அவன் பாடித்தானே வாங்கினான்? நானும் பாடித்தான் கேட்கிறேன்."

"குடுக்க வேண்டியவன் போயிட்டானேடா."

பரிமாற மிச்சமிருந்த சோறு குட்டுவ அண்டாவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்கள். ரமணி தலையை வெளியே நீட்டவில்லை. குரல் மட்டும், அதே பழைய வாக்கியத்தோடு வந்தது.

"ரெண்டு பேரும் சண்டை போடாம உட்காருங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். உள்ளே ஏதோ பாத்திரம் மெதுவாகத் தரையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. வாசுக்குறுப்பு தன் இலையைப் பார்த்தபடி, "குடுத்தாச்சு" என்றார்.

புலை கழிந்து கோயிலில் தொழுதுவிட்டு, மறுநாள் சாயங்காலப் பயிற்சிக்குப் பிரதீஷ் வந்தான். மூன்றாம் பலகையில், இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். பூ வைக்க நினைத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாசுக்குறுப்பு மெட்டெடுத்தார், துழாவல் தொடங்கியது. படகு நடு ஆற்றுக்கு வருவதற்குள் சதானந்தன் நெளிய ஆரம்பித்தார். பிரதீஷின் துடுப்புக்குத் தண்ணீர் எட்டவில்லை, நுனி மட்டும் பாயசத்தில் விரல் வைத்துப் பார்க்கிறமாதிரி தொட்டுத் தொட்டு எழுந்தது.

"எடா பிரதீஷே, ஊரையே எதிர்த்துப் பாடி வாங்கினியே," என்றார் சதானந்தன் மூச்சு வாங்க. "விளிம்புப் பக்கம் அரை முழம் சும்மா கிடக்குது. எதுக்கு வந்து என் மடியில உட்கார்ற? நகர்ந்து உட்காரேன்."

பிரதீஷ் அந்த அரை முழத்தின் பக்கம் பார்க்கவில்லை. துடுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தான்.