கண் கூசாத கறுப்பு முகமூடி

குருவிக்கு அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் முதல் பாதி தலைகீழ்ப் பாடம். பிரவுசரில் திறந்தால் ஒரு வரிசையில் பொம்மைகள் நிற்கும். முகமூடி மாட்டிவிட்டால் ஒன்று தாளம் தட்டும், ஒன்று முனகும், ஒன்று விசிலடிக்கும். எதை எதோடு சேர்த்துப் பாட்டாக்குவது என்பது நம் பாடு. எந்நேரமும் பாடிக்கொண்டே திரிந்து, வீட்டில் குருவி என்றே பெயர் வாங்கியவளுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாம் பாதிதான் அவளைக் கவிழ்த்தது. கறுப்பு முகமூடியை மாட்டினால் பொம்மைகள் பேயாக மாறும். திரை சிவப்பும் வெள்ளையுமாக வெட்டி வெட்டி அடிக்கும். முதல் தடவை மாட்டியபோதே நாற்காலியோடு சரிந்தாள். வலிப்பு. பளிச்சிடும் வெளிச்சம் அவளுக்கு ஆகாது என்றார் டாக்டர்.

"இனிமே அந்தச் சனியனைத் தொட்டே, கம்ப்யூட்டரையே தூக்கி வெளிய போட்டுருவேன்" என்றாள் அம்மா.

குருவி தொடவில்லை. ஆனால் ரசிகர்கள் ஆளாளுக்கு அந்த விளையாட்டைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். இணையப் பக்கங்கள் வடிவமைப்பதுதான் அவள் வேலையே. தன்னைப் போன்றவர்களும் கடைசிவரை விளையாடும்படி ஒன்றைத் தான் ஏன் செய்யக் கூடாது?

ஒரே சிக்கல். இரண்டாம் பாதியை அவள் பார்க்கவே கூடாது. பார்க்காததை எப்படி மாற்றுவது?

அண்ணியைப் பிடித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணிக்கு விளையாட்டு என்றாலே கொட்டாவி வரும். ஆனாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குருவி வெளியே தரையில், காதில் ஃபோனோடு.

"என்ன தெரியுது அண்ணி?"

"சிவப்பு... வெள்ளை... மறுபடி சிவப்பு. இவனுக்கு ஹெட்லைட்டை அணைக்கவே தெரியாதாடி?"

"பொம்மைங்க என்ன பண்ணுது?"

"எங்க பாக்க விட்டான்? கண்ணை மூடிக்கிட்டேன். ஐயோ, மூடினா இன்னும் பயமா இருக்கு. அந்தச் சத்தம் காதுக்குள்ளயே வந்து நிக்குதுடி!"

குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயம் வெளிச்சத்தில் இல்லை, சத்தத்தில். வெளிச்சம் அதை மறைத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!

அவள் செய்த வடிவத்தில் கறுப்பு முகமூடி மாட்டியதும் திரை அந்தி சாய்வதுபோல் மெல்ல இருண்டது. குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் ஒரே ஒரு மூச்சுச் சத்தம். பிறகு பொம்மைகள், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. எங்கும் ஒரு பளிச் இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட்டாள்.

"இது பேயா, தொட்டில் பாட்டா?" என்று வந்தது முதல் கருத்து. அதற்குக் கீழே சிரிப்பு மேல் சிரிப்பு. குருவிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டேதான் இருப்பான். நீ ரோட்டைப் பாரு" என்றாள் அண்ணி.

இரண்டு நாளில் ஓர் அப்பா எழுதினார். அவர் மகளுக்கும் இதே வலிப்பு. தோழிகள் கறுப்பு முகமூடியை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவாளாம். 'இன்று அவள்தான் மாட்டினாள். ஓடியது தோழிகள்!'

அப்புறம் செய்திகள் குவிந்தன. அவற்றுக்கு நடுவே மூல விளையாட்டைச் செய்தவரே எழுதியிருந்தார்: 'எங்களுடையதைவிட உங்கள் பேய் பயங்கரம். எங்கள் விளையாட்டிலேயே இதைச் சேர்த்துக்கொள்ளலாமா? உங்கள் பெயரோடு.'

"அம்மா!" என்று குருவி போட்ட கூச்சலில் என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள் அம்மா.

மூல விளையாட்டில் அது வெளியான அன்று வீடே கம்ப்யூட்டர் முன்னால் கூடியது. அம்மா மகளின் தோளை விடாமல் பிடித்திருந்தாள். குருவி கறுப்பு முகமூடியை மாட்டினாள். இருண்டது. மூச்சு கேட்டது. முதல் பொம்மை தலையைத் திருப்பியது.

"ஐயோ!" என்று அலறியது அம்மாதான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். குருவி கண்ணை அகல விரித்து, கடைசிப் பொம்மை திரும்பும்வரை பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, தள்ளு. அந்த விசிலடிக்கிறவனுக்கு இப்ப நான் முகமூடி மாட்டுறேன்."