குழலுக்குள் சில்வண்டு

பார்சல் திரும்பி வந்து ஆறு நாள். அந்த ஆறு நாளும் கெவின் லேத் மெஷினை ஓடவிடவில்லை. சுஜாந்தி வழக்கம்போல் காலையில் வந்து பட்டறையைக் கூட்டினாள். சும்மா கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னேரம் வீட்டுக்குப் போனாள்.

கெவின் முன்பு கற்பிட்டி வள்ளங்களின் எஞ்சினுக்கு லேத்தில் சாஃப்ட் கடைந்து கொடுத்தவன். காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் ஓட வரும் வெள்ளைக்காரர்களில் ஒருத்தி, ஓர்லா, ஒரு வருடம் உடைந்துபோன வாத்தியம் ஒன்றை அவனிடம் கொண்டுவந்தாள். அயர்லாந்துப் பைக்குழல். அதை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி, இடது கையிடுக்கில் ஒரு தோல்பை, மடியில் குழல். துருத்தி அறைக் காற்றை இழுத்துப் பைக்குக் கொடுக்கும், பை குழலுக்குக் கொடுக்கும். வாய் சும்மா இருக்கும்.

"வாய் சும்மா இருக்கிற வாத்தியம். எனக்கெண்டே செஞ்சிருக்கிறான்கள்" என்றான் கெவின். உடைந்ததைத் திருத்தினான், பிறகு அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று கடைந்தான். வாசித்துக்கொண்டே மீன் விலையும் கதைப்பான், மச்சானை ஏசுவான். துளைகளுக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்று, பௌதிகவியலில் பட்டம் எடுத்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த சுஜாந்தியைக் கூப்பிட்டான். மூன்று வருடம் ஆயிற்று. இருவருமாக ஒன்பது குழல் செய்து, அயர்லாந்தில் ஓர்லா விற்க அனுப்பிவிட்டார்கள்.

பத்தாவது வேறு மாதிரி. வழக்கமான டி சுருதி அல்ல, அதைவிட உயர்ந்த எஃப். சின்னக் கைக்காரருக்கும், துள்ளுகிற சத்தம் வேண்டுகிறவர்களுக்கும் அங்கே அது பிடிக்கும் என்று ஓர்லா சொன்னாள். இது சரிவந்தால் இன்னும் எட்டுக் குழல் எடுப்பதாகவும் சொன்னாள். சுருதி ஏற ஏறக் குழல் குட்டையாகும், துளைகள் நெருங்கும். கெவின் விரல் வைத்துப் பார்த்தான்.

"ஒரு விரல வைச்சா ரெண்டு துளை மூடுது. இது சுண்டெலிக்குச் செஞ்ச குழல். நீங்கதான் வாசிச்சுப் பாக்கோணும், சயன்ஸ் மிஸ்."

அவள் வாசித்துப் பார்த்தது ஓகஸ்ட்டில். தலவில் தேவாலயத் திருவிழாவுக்குக் கெவின் குடும்பத்தோடு போயிருந்தான். பட்டறையில் அவள் மட்டும். கற்பிட்டி வெயிலில் சரியாக நிற்கும் சுருதி அயர்லாந்துக் குளிரில் கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் மூன்றிலொரு பங்கு இறங்கிவிடும். அதைக் கணக்குப் போட்டு, இங்கே அவ்வளவு கூட வைத்தாள். போனில் சுருதி காட்டும் ஊசி அவள் நினைத்த இடத்தில் நின்றது. பொதி கட்டி அனுப்பினாள்.

சுருதி மிகச் சரி என்றுதான் ஓர்லா எழுதியிருந்தாள். ஆனால் மேல் சுரங்களில் கூடவே ஒரு கீச்சுச் சத்தம். இப்படி விற்க முடியாது.

பார்சல் வந்த அன்று கெவின் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "சில்வண்டு!" என்றான். "குழலுக்குள்ள சில்வண்டு! சுஜா, அனுப்பின அண்டைக்கு இது இருந்ததா?"

"இல்ல" என்றாள்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் எல்லாவற்றையும் முடிவு செய்தான். இருந்திருந்தால், குழலின் வாயில் செருகிய நாணல் சீவாளியின் நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் போதும், ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேர வேலை. இல்லையென்றால், அவன் சீவும் சீவாளி அந்த நாட்டுக் குளிருக்குத் தாங்காது. எத்தனை செய்தாலும் அங்கே போய்க் கெடும். மெஷினை விற்றுவிட்டு உச்சமுனைக் கிராமத்தில் மச்சானின் மீன்பிடி வள்ளத்துக்குப் போகப்போகிறான். அதற்குப் பிறகு அவன் அவளோடு அதிகம் கதைக்கவில்லை.

இல்லை என்று அவள் சொன்னது பழக்கத்தில். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஒருமுறை, சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். சத்தத்தின் சுருதி மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போனது. அவளுக்கு அது சீக்கிரமே நின்றுவிட்டது. சுற்றிப் பார்த்தாள். எல்லாருடைய கையும் மேலே. அவளும் கையை இறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் இறக்கியபோது இறக்கினாள். அன்றிலிருந்து அப்படித்தான், கேட்கவில்லையென்று யாருக்கும் காட்டுவதில்லை. பின்னேரங்களில் சில்வண்டால் தென்னந்தோப்பே இரைகிறது என்று வீட்டில் சொல்வார்கள். அவளுக்கு அந்தத் தோப்பில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் சில நேரம் திரும்பமாட்டாள். "பட்டதாரிக்கு நாங்க கூப்பிட்டாக் கேக்குமா?" என்று கெவின் நக்கலடிப்பான். அவள் சிரித்துவிடுவாள். பெருமைக்காரி என்று ஊரில் பெயர். செவிடி என்பதைவிட அது பரவாயில்லை.

ஆறாம் நாள் லேத்தை விலைக்குப் பார்க்க முந்தலிலிருந்து நூர்தீன் நானா வந்தார். இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் கலக்கும் மெஷின் திருத்துகிறவர். லேத்தைச் சுற்றி வந்து, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கிழவி மாதிரி இருக்கே தம்பி."

"கிழவியா? சங்கீதம் படிச்ச குமரி, நானா."

"சங்கீதமா?"

"சுஜா, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. இந்தக் குமரி என்ன செஞ்சவளெண்டு நானா கேக்கட்டும்."

அவள் துருத்தியைக் கட்டிக்கொண்டாள். பை நிரம்பியது. கீழ்ச்சுரத்தில் தொடங்கினாள்.

"யா அல்லாஹ், ஆட்டுக்குட்டி!" நூர்தீன் நானா சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் காதுகொடுத்தார்.

சுஜாந்தி மேல் சுரங்களுக்கு ஏறினாள். அவளுக்குக் கேட்டது சுத்தமான ஒரே சுரம். அவள் குழலைப் பார்க்கவில்லை, அவர்கள் இருவருடைய முகத்தையும் பார்த்தாள். கெவினின் புருவம் சுருங்கியது. நூர்தீன் நானா தலையை நிமிர்த்திக் கூரைத் தகரத்தில் எதையோ தேடினார்.

"உள்ள சில்வண்டு வந்திட்டுதா தம்பி?"

"அது குழல், நானா. இங்க நல்லாத்தான் இருந்தது. அங்க போய்த்தான் கெட்டது. சயன்ஸ் மிஸ்ஸே சொன்னா. என்ட கைக்கு இது சரிவராது, விடுங்க." கெவின் ஒரு துணியை எடுத்து லேத்தின் கைப்பிடியைத் துடைத்தான். "எவ்வளவு தருவீங்க?"

அவள் விரலை எடுக்கவில்லை. சுரம் நின்றுகொண்டே இருந்தது. முழங்கை தன்பாட்டுக்குத் துருத்தியை அமுக்கியது. வாய் சும்மா இருந்தது.

"அண்ணா."

கெவின் திரும்பினான். வாசித்துக்கொண்டு அவள் கதைத்ததை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

"அண்டைக்கும் இது இருந்திருக்கும்" என்றாள். "எனக்குக் கேக்காது. இப்பவும் கேக்கல்ல. இந்தக் கீச்சுச் சத்தம் ஒண்டும் சின்ன வயசில இருந்தே எனக்குக் கேக்காது, அண்ணா."